கசிவைக் கண்டறியும் கூலி

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஐப்பசி மாதத்தில், திருச்சியில் என் வீட்டு வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்தபோது நனைந்து மக்கிய சாக்கின் வாடை அடித்தது. எலி ஏதேனும் செத்துக் கிடக்கிறதோ என்று இருக்கைகளுக்கு அடியில் தேடினேன், ஒன்றும் இல்லை. டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு முறைகூடப் பயன்படுத்தாத ஜாக்கி துருவேறிக் கிடந்தது.

அந்தக் காரை விற்பதற்கு அப்போது பேசி முடித்திருந்தேன். வாங்குவதாக இருந்தவர் என்னிடம் முதுகலை பயின்ற மாணவர். இப்போது அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். அவர் குடும்பத்தில் வாங்கப்படும் முதல் கார் அது. 'ஐயா வைத்திருந்த வண்டி என்பதால் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்க்க வேண்டியதில்லை' என்று சொல்லிவிட்டு, விலையைக்கூடப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். தை பிறந்ததும் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதைவிடக் கடினமான தேர்வு அமையாது. 1970-ஆம் ஆண்டு ஜார்ஜ் அகெர்லாஃப் என்கிற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பயன்படுத்திய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். பழுதான காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லாக் கார்களையும் ஐயத்தோடு பார்த்து, சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்குத் தன் நல்ல காரை விற்க மனமில்லாதவர் சந்தையைவிட்டு விலகுவார். எஞ்சுபவை எலுமிச்சைகள், அதனால் விலை மேலும் சரியும். மூன்று ஆய்விதழ்கள் இந்தக் கட்டுரையை ஏற்க மறுத்தன. பின்னர், 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அகெர்லாஃபுக்கும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது பேசப்பட்டது இந்தச் சிந்தனையே. வகுப்பில் இதை விளக்கும்போது கரும்பலகையின் ஒரு பக்கத்தில் 'விற்பவர்' என்று எழுதுவேன். அந்த இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்ததில்லை.

நிறுத்திப் பார்க்கத் தூண்டியவர் பழைய கார்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவர். அவரிடம் நிலைமையைச் சொன்னேன். தண்ணீரை வடித்துவிட்டுப் புது விரிப்புப் போட்டு, நறுமணக் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும் என்றார். 'தை மாசம் மழை ஏது சார்? அடுத்த ஐப்பசிக்குத்தான் தெரியும். அதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிடும்.' தரகரின் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களும், 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலின்போது மூழ்கிய கார்களும் இதே கணக்கின்படிதான் வெயில் காலத்தில் வேறு ஊர்களில் விலைபேசப்படுகின்றன. பழைய கார் வாங்குவோர் என்ஜின் ஓசையைக் கேட்பதற்கு முன்பு டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. ஸ்டெப்னி குழியில் வண்டல் படிந்த கோடு, ஜாக்கியில் துரு, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் அதன் அடிப்பகுதியில் தெரியும் சேற்றுக் கறை ஆகியவற்றை மறைக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

தரகரின் யோசனையை நான் உடனே உதறிவிட்டேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஓர் இரவு அதை யோசித்தேன். மறுநாள் காலை பழுது பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் சென்றது பெரிய பழுதுநீக்க நிலையம் ஒன்றுக்கு. சீருடை அணிந்த இளைஞர் டிக்கியைத் திறந்தார். விளிம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் ஈரமாக இருந்தது. 'பீடிங் போயிடுச்சு சார், மாத்திடலாம்' என்றார். பார்வையிட்டு முடிவு சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாகமும் வேலையுமாக ரூ.4,000-க்கு மேல் ஆயிற்று. அடுத்த மழையில் தண்ணீர் மறுபடியும் வந்தது. இரண்டாவதாகச் சென்ற இடத்தில் பின்விளக்குகளைக் கழற்றிச் சுற்றிலும் சிலிகான் பசை பூசினார்கள். தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாமவர் செலவே வைக்கவில்லை. குழியின் அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் வருகிற தண்ணீர் தானே போய்விடும் என்றார். தகடு துருப்பிடிப்பது ஒருபுறம் இருக்க, பின்புறத் தரையில் திறந்த துளை இருந்தால் புகைக்குழாயிலிருந்து வரும் நச்சுவாயு காருக்குள் நுழைய வழி ஏற்படும். நல்லவேளையாக, அன்று அவருடைய துளையிடும் கருவிக்கு மின்சாரம் இல்லை.

இவர்கள் யாரும் என்னை ஏமாற்றியதாக நான் கருதவில்லை. தண்ணீர் தென்பட்ட இடத்தைத் தண்ணீர் நுழைந்த இடமாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால், இந்த இரண்டு இடங்களும் ஒன்றாக இருப்பது அரிது. தகட்டின் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு ஊர்ந்து சென்று, ஏதேனும் ஒரு முனை கிடைக்கும் இடத்தில் சொட்டுவது நீரின் இயல்பு. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும்: ஒழுகுவது கூடத்தின் நடுவில், உடைந்த ஓடு கூரையின் முகட்டருகே இருக்கும். காரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். டிக்கியின் மூடி ஒற்றைத் தகடன்று. வெளித்தகடு, உள்தகடு என இரண்டு, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நுழைந்த நீர் எங்கே சொட்டும் என்பது, காரின் மூக்கு மேட்டை நோக்கி நிற்கிறதா, பள்ளத்தை நோக்கி நிற்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். என் வீட்டு வாசலில் சரிவு உண்டு. சரிவில் நிறுத்திய நாளில் குழி நிரம்பியது. சமதளத்தில் நிறுத்திய நாளில் மூடியைத் தூக்கியவுடன் தேங்கியிருந்த நீர் ஓரமாக ஓடிவந்து பீடிங்கை நனைத்தது. அந்த ஈரத்தைத்தான் முதல் நிலையத்து இளைஞர் பார்த்தார்.

டிக்கிக்குள் நீர் வரக்கூடிய வழிகளும் ஒன்றிரண்டல்ல. பின்விளக்குகளின் பின்னால் இருக்கும் கேஸ்கட் நைந்து போகலாம். தகடுகள் சேரும் இடத்தில் தொழிற்சாலையில் பூசிய அடைப்புப் பசை வெடித்திருக்கலாம். பின்கண்ணாடியை ஒட்டிய பசை ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கலாம். கதவை அறைந்து சாத்தும்போது உள்ளே அழுந்தும் காற்று வெளியேறுவதற்காகப் பின்பம்பருக்குப் பின்னால் சிறு மடல்களுடன் கூடிய வழிகள் இருக்கும். அவற்றின் விளிம்பு பழுதானாலும் சக்கரம் வாரியடிக்கும் நீர் உள்ளே வரும். இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதென்றால் கார் வாங்கிய விலையில் பாதி கரைந்துவிடும்.

நண்பர் ஒருவர் பாலக்கரைப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் அனுப்பினார். அறுபதை நெருங்கும் அவரை அந்தத் தெருவில் எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். அவர் எதையும் கழற்றவில்லை, எதையும் பூசவில்லை. விரிப்பையும் அதன் அடியில் இருந்த நனைந்த பஞ்சுப் பலகையையும் எடுத்து வெயிலில் போட்டார். டிக்கியின் உட்புறத்தைப் பழைய துணியால் ஈரமின்றித் துடைத்தார். பிறகு, மேசை இழுப்பறையிலிருந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்து, டிக்கியின் ஓரங்களிலும் மூடியின் உட்பரப்பிலும் மெல்லியதாகத் தூவினார். பின் இருக்கையின் சாய்மானத்தை மடக்கி, கைவிளக்கு ஒன்றை என்னிடம் கொடுத்து, 'சார், நீங்க உள்ள தலையை நீட்டிப் பாத்துக்கிட்டே இருங்க. எங்க கோடு விழுதுன்னு சொன்னாப் போதும்' என்றார்.

அவர் தண்ணீர் ஊற்றிய முறைதான் எனக்குப் புதிய பாடம். குழாயைத் திறந்து வண்டி முழுவதும் பீய்ச்சவில்லை. ஒரு சொம்பில் மொண்டு, முதலில் பம்பரின் மட்டத்தில் மட்டும் ஊற்றினார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு பின்விளக்குகளின் மீது, மறுபடியும் காத்திருப்பு. பிறகு பீடிங்கின் இருபுறமும். கீழிருந்து மேலாக. மேலே ஊற்றினால் கீழே உள்ள எல்லாமே நனைந்துவிடும். எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு அந்த ஒன்றின் விளைவைக் காண்பது என்று நாங்கள் ஆய்வு முறையியலில் ஒரு பருவம் முழுவதும் நடத்துவதை அவர் ஒரு சொம்பை வைத்து நடத்திக்கொண்டிருந்தார். அழுத்தக் குழாயை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டேன். மழை நுழையாத இடத்தில்கூட அந்த வேகத்தில் தண்ணீர் நுழையும். அதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம் என்றார்.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து, மூடியின் மேல் இருக்கும் ஸ்பாய்லரின் இடதுகாலடியில் அவர் சொம்பைச் சாய்த்தபோது, என் கண்ணெதிரே பவுடரில் ஒரு கோடு விழுந்தது. உள்தகட்டில் இருந்த ஓர் ஓட்டையிலிருந்து துளி துளியாக நீர் இறங்கி விரிப்பு இருந்த இடத்தில் சொட்டியது. நான்கு மாதமாகத் தேடிய பொருள் கிடைத்ததைப் போலக் கத்திவிட்டேன்.

ஸ்பாய்லர் என்பது காரின் பின்பகுதியில் சிறகு போலப் பொருத்தப்படும் பாகம். வேகமாகச் செல்லும் காரின் மேல் பாயும் காற்று அதன் பின்பகுதியை மேலே தூக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது இதன் வேலை. 1973-ஆம் ஆண்டு மாடலாக வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் வாத்துவால் போன்ற ஸ்பாய்லர் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால், காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காந்தி சந்தை நெரிசலில் ஊரும் என் காருக்கு அதனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. இதைத் தொழிற்சாலையில் பொருத்தவும் இல்லை. கார் வாங்கியபோது, விற்பனை நிலையத்தில் 'கூடுதல் அலங்காரம்' என்ற பெயரில் தரைவிரிப்பு, கதவோர மழைத்தடுப்பு ஆகியவற்றோடு சேர்த்துத் தலையில் கட்டினார்கள். காரின் விலையில் லாபம் குறைவு, இத்தகைய இணைப்புகளில் அதிகம் என்பது எனக்குத் தெரிந்ததுதான். இருந்தும், பேத்தி ஆசைப்பட்டாள் என்று தலையாட்டினேன்.

பாய் அதைக் கழற்றியபோது கதை முழுவதும் வெளியே வந்தது. மூடியில் மூன்று துளைகள்: இரு கால்களுக்கு இரண்டு போல்ட், நடுவில் பிரேக் விளக்கின் கம்பிக்கு ஒன்று. துளையிட்டவர்கள் வெட்டுப்பட்ட தகட்டின் விளிம்பில் வண்ணம் பூசவில்லை. வண்ணமில்லாத விளிம்பு துருப்பிடித்துச் செதிலாக எழும்பியிருந்தது. காலுக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்திருந்த பஞ்சு வளையம் வெயிலில் காய்ந்து பொடியாகிவிட்டது. ஸ்பாய்லரின் கால் தகட்டோடு சேரும் மூலையில் மழை முடிந்த பிறகும் நீர் தேங்கி நிற்கும். அங்கிருந்து போல்ட்டின் உடலைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது.

பழுது நீக்கியது எளிய வேலைதான். ஆனால், அதிலும் அறிய வேண்டியவை இருந்தன. பழைய வளையத்தின் மிச்சத்தைச் சுரண்டி, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தார். துருவை உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகட்டைக் கண்ட பிறகு துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் வண்ணமும் இட்டு, ஒரு நாள் உலரவிட்டார். சிலிகான் பசை பூசலாமே என்றேன். கடையில் மலிவாகக் கிடைப்பது காடி வாடை அடிக்கும் வகை. உலரும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். ஏற்கெனவே துரு கண்ட இரும்புக்கு அதைவிடப் பகை வேறில்லை. அதற்கு மாறாக, பியூட்டைல் என்னும் கரிய ரப்பர் களிம்பு நாடாவை போல்ட்டைச் சுற்றி மோதிரம் போல உருட்டி வைத்தார். அது இறுகிக் கெட்டியாகாது. தகடு வெயிலில் விரிந்தாலும் இரவில் சுருங்கினாலும் கூடவே நெகிழும். நட்டை ஒரே மூச்சில் முடுக்கவில்லை. இடப்பக்கம் அரைச்சுற்று, வலப்பக்கம் அரைச்சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்கி, களிம்பு விளிம்பில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தினார். அளவுக்கு மீறி முடுக்கினால் களிம்பு முழுவதும் வெளியேறிவிடும். பிளாஸ்டிக் கால் விண்டுபோகும். விளக்குக் கம்பியை நேராக நுழைக்காமல், துளைக்குக் கீழே சற்றுத் தொய்யவிட்டு, பிறகு மேலேற்றிச் செருகினார். கம்பி வழியே வரும் துளி அந்தத் தொய்வில் சொட்டிவிடும். மறுபடியும் சொம்பு, மறுபடியும் பவுடர். இம்முறை கோடு விழவில்லை.

கூலி எவ்வளவு என்றேன். நாடாவும் பூச்சும் ரூ.350, கழற்றி மாட்டியதற்கு ரூ.600 என்றார். ஒன்றரை மணி நேரம் தேடியதற்கு என்று கேட்டேன். சிரித்தார். 'பாத்ததுக்கெல்லாம் காசு வாங்கினா யாரு சார் நம்மகிட்ட வருவாங்க?'

வீடு திரும்பும் வழியெல்லாம் இந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. அவர் செய்ததில் அரிதான வேலை தேடிக் கண்டறிந்ததுதான். களிம்பு ஒட்டுவதைக் கற்றுக்கொடுத்தால் நானே செய்துவிடுவேன். அந்த அரிய வேலைக்குச் சந்தையில் விலை பூஜ்யம். எந்தப் பண்டத்துக்கு விலை இல்லையோ, அதைச் சந்தை நெடுநாள் வழங்காது. பெரிய நிலையத்தின் நிர்வாகி இதை நன்கு அறிவார். ஒன்றரை மணி நேரம் சொம்பு பிடிக்கும் தொழிலாளியால் நிலையத்துக்கு வரவு இல்லை. பீடிங் மாற்றினால் பாகத்தின் லாபமும் வரும், வேலைக்கூலியும் வரும். அந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னதற்கு அவருடைய அறியாமை காரணமன்று. அவருக்கு வகுக்கப்பட்ட கணக்கு அப்படி.

1970-இல் பிலிப் நெல்சன் என்பவர் பண்டங்களை இரு வகையாகப் பிரித்தார்: வாங்குமுன்பே தரம் அறியத்தக்கவை, பயன்படுத்திய பின்பு அறியத்தக்கவை. 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பின்பும் தரத்தை எளிதில் அறிய முடியாதவை. இவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் என்று வகுப்பில் மொழிபெயர்ப்பேன். மருத்துவமும் வாகனப் பழுதுநீக்கமும் இதற்கு வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டுகள். நோயை அறிபவரும் மருந்தை விற்பவரும் ஒருவரேயாக இருப்பதில்தான் இச்சந்தையின் கோளாறு இருக்கிறது. 'ஆலோசனை இலவசம்' என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் மருந்தின் விலையைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று என் தந்தையார் சொல்வார். அவர் பொருளாதாரம் படித்தவரல்லர்.

பழுதுநீக்கும் உரிமை குறித்து அண்மைக் காலமாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-இல் வாகனங்களுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். இந்தியாவில் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும். கையேடுகளும் உதிரிபாகங்களும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இம்முயற்சிகளின் மையக் கருத்து. வரவேற்க வேண்டியதுதான். ஆனால், எனக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போகவில்லை. தேவையில்லாத பாகம்தான் கிடைத்தது.

ஆகவே, இதோடு இன்னொன்றும் சேர வேண்டும் என்பது என் கருத்து. பழுதைக் கண்டறிவதற்கான கூலியைப் பழுதுநீக்கத்திலிருந்து பிரித்து, ரசீதில் தனி வரியாகக் காட்ட வேண்டும். என்ன சோதனை செய்யப்பட்டது, நீர் எங்கே நுழைவதாகக் காணப்பட்டது என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளோடு வேறு பட்டறைக்குச் செல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலே கையில் கொடுக்க வேண்டும். தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கத் தனியாகப் பணம் கொடுக்கப் பழகிவிட்ட நாம் இதற்கும் பழகுவோம். செலவு கூடும் என்று சிலர் சொல்லலாம். நான் மூன்று இடங்களில் அலைந்து வீணாக்கியதோடு ஒப்பிட்டால், பாய் மணிக்கு ரூ.500 கேட்டிருந்தாலும் மலிவுதான். காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி: வழக்கமான மோட்டார் காப்பீட்டில் தேய்மானத்தால் வரும் பழுதுக்கு இடமில்லை. அந்தப் பஞ்சு வளையம் தேய்மானக் கணக்கில்தான் சேரும்.

பாய் வேண்டாமென்று மறுத்தும், தேடியதற்கென்று ரூ.750 கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாலையே மாணவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். குழியின் அடியில் இரண்டு இடங்களில் துரு இருப்பதையும், அதற்கும் பூச்சு இட்டிருப்பதையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முதலில் வேண்டியதில்லை என்றவர் இப்போது கேட்கிறாரே என்று ஒரு கணம் மனம் சுருங்கியது உண்மை. வரச் சொன்னேன். வந்து பார்த்தார்கள். விலையில் ரூ.10,000 குறைத்துக் கொடுத்தேன். தை மாதம் வண்டி கைமாறியது.

வண்டியைக் கொடுக்கும்போது, டிக்கி விரிப்பின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைக்கும்படி சொல்லியிருந்தேன். நனைந்த தாள் உலர்ந்த பிறகும் சுருக்கம் காட்டிக்கொடுக்கும். அந்த ஆண்டு கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு அவர் அழைத்தார். தாள் உலர்ந்திருந்ததாம், இடது மூலையில் மட்டும் கொஞ்சம் ஈரம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 'அது குடைங்க ஐயா. நனைஞ்ச குடையைப் பையன் டிக்கியில போட்டுட்டான்' என்றார்.